மாரிமுத்து அண்ணனின் ஊசியும் இரண்டு காலண்டர்களும்

எங்கள் நகராண்மைக் கழகத்தில் புகார் கேட்பதற்கு இப்போது ஒரு கணினிப் பெண் வந்திருக்கிறாளாம். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் ராத்திரி பகல் பார்க்காமல் பதில் சொல்வாளாம். கோபமே வராதாம். என் பழைய மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் கவிதாதான் போன் போட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஒரு அங்கிள் வீட்டு முன்னால லொங்காங் அடைச்சிக்கிட்டு தண்ணி ரோட்டுக்கு வருதுன்னு மெசேஜ் போட்டாரு. இது, 'உங்கள் நாய் லைசன்ஸ் புதுப்பிக்கப்பட்டது, நன்றி'ன்னு பதில் அனுப்பிருச்சு. அவருகிட்ட நாயே கிடையாதுக்கா!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பாவம். அந்த அங்கிள் நேரில் வந்து கத்தியது இவளிடம்தானே. "புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு நம்ம வேலைன்னா என்னன்னு நீங்களே எழுதிக் குடுங்கக்கா"என்றாள். ஓய்வு பெற்றவளிடம் எழுதச் சொல்வது சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது மாதிரி. இனி நான் நிறுத்த மாட்டேன். அனுபவியுங்கள்.

நான் கிள்ளானில் பிறந்து, கிள்ளானில் படித்து, கிள்ளானிலேயே அரசாங்கச் சம்பளம் வாங்கியவள். சேர்ந்த புதிதில் லைசன்ஸ் பிரிவு. யார் எங்கே அப்பம் சுடலாம், யார் எங்கே சுடக்கூடாது என்று பார்ப்பது. பிறகு சுகாதாரப் பிரிவு. கொசுப் புகை அடிக்கும் வண்டிக்கு முன்னால் போய், "அக்கா, மீன் தொட்டிய மூடுங்க, சோத்துப் பானைய மூடுங்க"என்று கத்துவது. இப்படிக் கத்தியே என் தொண்டை இந்தக் கதிக்கு ஆனது. கடைசிப் பத்து வருஷம் சமூகப் பிரிவு. அங்கேதான் என்சிக் சுல்கிப்லி எனக்கு மேலதிகாரியாக வாய்த்தார். என்சிக் என்றால் மலாயில் ஐயா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனிதர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. சீனி போடாத கறுப்புக் கோப்பியை உறிஞ்சிக்கொண்டு, எந்தப் பிரச்சினை வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். "சியாப்பா? ஆப்பா? பிலா?" யார், என்ன, எப்போது. அவ்வளவுதான். மரம் விழுந்தாலும் இதே கேள்வி, மாடு விழுந்தாலும் இதே கேள்வி. மூன்றுக்கும் பதில் இல்லாமல் அவர் அறைக்குள் போனால், "போய்க் கேட்டுவிட்டு வா சரஸ்"என்று மெதுவாகச் சொல்வார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். பதில் கிடைத்துவிட்டால் அதைத் தன் சட்டைப் பையில் வைத்திருக்கும் மார்க்கரை எடுத்து வெள்ளைப் பலகையில் எழுதுவார். பலகையில் ஏறிய வேலை முடியாமல் அழிக்கப்படாது. அது எங்கள் பிரிவின் வேதம்.

கோவிட் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எங்கள் பிரிவு அரிசிக் கடை மாதிரி ஆகிவிட்டது. அரிசி, எண்ணெய், மாவு, சார்டின் டின் எல்லாவற்றையும் பையில் கட்டி வீடு வீடாகக் கொடுத்தோம். அப்போது ஊரில் ஒரு வழக்கம் கிளம்பியது. சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறவர்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டாம், வாசலில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும், பார்த்தவர்கள் வந்து உதவுவார்கள். நல்ல யோசனை. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

ஒரு நாள் அடுக்குமாடி ஒன்றின் நாலாவது மாடியில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி பறந்துகொண்டிருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் கழகத்து லிப்ட் என்பதால் திட்டவும் முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். அரைக்கால் சட்டையோடு, நல்ல உயரமாக, முறுக்கு மீசை வைத்த ஒருவர் கதவைத் திறந்தார்.

"அண்ணே, வெள்ளைக் கொடிய பாத்தோம். கவலப்படாதீங்க. நாங்க இருக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு எட்டிக் கொடியைப் பார்த்தார்.

"அது என் வேட்டி லா! காயப் போட்டிருக்கேன்!"

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முகக்கவசம் இருந்தது, அந்தமட்டில் தப்பித்தேன். "முப்பது வருஷம் லோரி ஓட்டுனவன் நான். என்னையப் பாத்தா பிச்சக்காரன் மாதிரியா இருக்கு?"என்று அவர் ஒரு பாட்டம் கத்தி முடித்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். நாலு படி இறங்கியிருப்பேன். "தங்கச்சி, அந்தப் பையில என்னா இருக்கு?"என்றார். சார்டின் இருக்கிறது என்றேன். "கொண்டாந்தத எதுக்குத் திரும்பத் தூக்கிக்கிட்டுப் போற, கால் வலிக்கும், வச்சிட்டுப் போ"என்றார்.

இப்படித்தான் மாரிமுத்து அண்ணன் எனக்குப் பழக்கமானார்.

மனிதர் தனியாக இருந்தார். மகள் சிங்கப்பூரில், எல்லை மூடியதால் வர வழியில்லை. மனைவி பாக்கியம் அக்கா ஜெஞ்சாரோமில் ஒரு பராமரிப்பு இல்லத்தில். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. அண்ணனால் தனியாகத் தூக்கிப் பார்க்க முடியாததால் மகள் அங்கே சேர்த்திருந்தாள். சேர்த்த கொஞ்ச நாளில் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதன் பிறகு அவர் மனைவியை நேரில் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை தோறும் காலையில் இல்லத்துப் பணிப்பெண் வீடியோவில் கூப்பிடுவாள். அவ்வளவுதான். பாக்கியம் அக்கா திரையை வெறித்துப் பார்த்தபடி படுத்திருப்பார். அடையாளம் தெரிகிறதா, கேட்கிறதா, ஒன்றும் தெரியாது.

பிறகு தடுப்பூசி வந்தது. இரண்டு ஊசியும் போட்டவர்கள் மட்டும் வந்து பார்க்கலாம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். கைபேசி தெரியாத பெரியவர்களுக்குப் பதிவு செய்து, நாள் வாங்கி, மண்டபத்துக்கு அழைத்துப் போவது எங்கள் வேலை. முதல் பெயராக மாரிமுத்து அண்ணன் பெயரைத்தான் போட்டேன். மனிதர் பறந்துகொண்டு வருவார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நாலே காலுக்கு நேரம் கிடைத்தது. போன் செய்தேன்.

"செவ்வாக்கெழம நாலே காலா? ராகு காலம்மா. முடியாது."

சரி, பெரியவர். வியாழக்கிழமைக்கு மாற்றினேன். மத்தியானம் இரண்டே முக்கால். அதுவும் ராகு காலம். அதற்கடுத்து ஒரு திங்கள் கிடைத்தது. அன்றைக்கு அவருக்குச் சந்திராஷ்டமம். இன்னொன்று கிடைத்தது, கரிநாள். ஒருவருடைய ஜாதகத்துக்கு இவ்வளவு தோதாக அரசாங்கம் ஆப்பு வைத்து நான் பார்த்ததில்லை.

என்சிக் சுல்கிப்லி கூப்பிட்டார். பலகையில் மாரிமுத்து என்ற பெயர் மட்டும் அழியாமல் நின்றது.

"சரஸ், இவர் ஏன் போகவில்லை?"

"ராகு இருக்கிறார், என்சிக்."

"சியாப்பா ராகு? அண்டை வீட்டுக்காரரா? நான் வேண்டுமானால் அவரோடு பேசிப் பார்க்கட்டுமா?"

ஒரு மலாய்க்கார அதிகாரிக்கு ராகு காலத்தை விளக்குவது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சூரியனை விழுங்கும் பாம்பு என்று தொடங்கினேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார். தினமும் ஒன்றரை மணி நேரம், கிழமைக்குக் கிழமை மாறும் என்றேன். "அப்படிச் சொல்லு, அட்டவணை இருக்கிறதல்லவா!"என்று முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. பாம்பு புரியவில்லை, அட்டவணை புரிந்துவிட்டது. மார்க்கரை எடுத்து ஞாயிறு முதல் சனி வரை கட்டம் போட்டு ராகு காலத்தை எழுதச் சொன்னார். என் வீட்டில் மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த தினசரி காலண்டர் தொங்கும். அதைப் பார்த்து எழுதினேன். மறுநாளிலிருந்து எங்கள் அலுவலகத்தில் தமிழ்ப் பெரியவர்களுக்கு ராகு காலம் பார்த்துத்தான் நாள் வாங்கினோம். இதைப் பெருமைக்குச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்குத்தான்.

இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பெண்டாட்டியைப் பார்க்க முடியாமல் கிடக்கிற மனிதர் ஊசிக்கு நல்ல நேரம் பார்க்கிறாரே என்று எரிச்சல். ஒரு நாள் மாடி ஏறிப் போய் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. அக்காவ பாக்கணும்னு ஆச இருக்கா இல்லியா?"

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேரம் காலம் பாக்குறதெல்லாம் அவதாம்மா. நான் பாக்க மாட்டேன். லோரிக்காரன் ராகு காலம் பாத்தா சரக்கு போய்ச் சேருமா? அன்னைக்கு பாசாருக்குப் போலாம்னு கூப்புட்டேன். 'ராகு காலம் முடியட்டும், அப்புறம் போவோம்'னா. கிண்டல் பண்ணேன். 'உன் ராகு மீன் வாங்க வரமாட்டான், வா'ன்னு இழுத்துக்கிட்டுப் போனேன். மீன் கடையில நிக்கிறப்பவே விழுந்துட்டா. அவ கடைசியா பேசுன பேச்சே அதான்மா, 'ராகு காலம் முடியட்டும்'னு. அப்ப கேக்கல. இப்பக் கேக்குறேன்."

 பக்கவாதத்துக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வது சுலபம். அந்தச் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே பாக்கியம் அக்கா மாட்டிய கோயில் காலண்டர் அப்படியே தொங்கியது. தினமும் அதில் தாளைக் கிழிப்பது மட்டும் அண்ணன்.

அடுத்த தடவை சனிக்கிழமை கிடைத்தது. என் காலண்டர்படி ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது. பத்தே முக்காலுக்கு நேரம் வாங்கினேன். சந்திராஷ்டமம் இல்லை, கரிநாள் இல்லை. "வர்றேம்மா"என்றார். நானே காரில் கூட்டிப்போனேன். சலவை செய்த அதே வேட்டி, நெற்றியில் விபூதி, மாப்பிள்ளைக் கோலம். மண்டபத்தில் ஒன்றுக்கொன்று தள்ளிப் போட்ட நாற்காலிகளில் வரிசை நகர்ந்தது. எல்லாம் ஒழுங்காகப் போனது. ஊசி போடும் மிஸ்ஸி ஒரு சீனப் பெண். "அங்கிள், ஒக்காரு. வலிக்காது"என்று எல்லாரிடமும் அழகாகத் தமிழில் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியாது.

அண்ணன் நாற்காலி வரை வந்தவர் நின்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். அன்றைக்குக் கிழித்த கோயில் காலண்டர் தாள்.

"என்னம்மா இது? இதுல ராகு காலம் பதினொன்னே முக்கா வரைக்கும் போட்டிருக்கு!"

"இல்லண்ணே, பத்தரையோட முடிஞ்சிருச்சு. எங்க வீட்டுக் காலண்டர்ல..."

"உங்க வீட்டுக் காலண்டரு மளிகைக் கடைக்காரன் குடுத்தது. இது அம்மன் கோயில் குடுத்தது!"

பின்னால் நின்ற ஒருவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அண்ணே சொல்றதுதான் சரி. கடைக் காலண்டருல இந்தியா டைம அப்படியே அடிச்சிடுறான். அங்க சூரியன் ஆறு மணிக்கு வருது. இங்க ஏழே காலுக்குத்தான வருது? கூட்டிப் பாத்துத்தான் லா எடுக்கணும்."

 மண்டபம் வெடித்தது.

"அப்ப நாங்க கிரகப்பிரவேசம் பண்ணது?"

"எந்தக் காலண்டர் பாத்தீங்க?"

"கடைக் காலண்டர்!"

"போச்சு!"

பூப்போட்ட புடவை கட்டிய ஓர் அம்மா எழுந்தே விட்டார். "என் மக கல்யாணத்துக்கும் கடைக் காலண்டருதான் பாத்தோம். அதான் மாப்ள அப்படி இருக்கான்! நான் என் மகளையில்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!"

இன்னொருவர், இத்தனை வருஷம் கடைக் காலண்டர் பார்த்துத்தான் கடை திறந்தேன், நன்றாகத்தானே ஓடுகிறது என்றார். சரியான நேரத்தில் திறந்திருந்தால் இந்நேரம் இரண்டு கடை ஆகியிருக்கும் என்று பதில் வந்தது. வரிசை நகரவில்லை. மிஸ்ஸி ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டால் வைத்திருக்க முடியாது, சீக்கிரம் போட்டாக வேண்டும்.

தகவல் போய் என்சிக் சுல்கிப்லி வந்தார். நான் மூன்று கேள்விக்கும் பதில் சொன்னேன். யார், மாரிமுத்து. என்ன, இரண்டு ராகு காலம். எப்போது, அதுதான் பிரச்சினை. அவர் தீவிரமாக யோசித்துவிட்டு, "இரண்டு காலண்டரில் எது அரசாங்க கெஜெட்டில் வந்தது?"என்று கேட்டார். இரண்டும் வரவில்லை என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மார்க்கரை எடுக்காமல் நின்றார்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா"என்று அண்ணன் கிளம்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரம் தள்ளினால் இரண்டாவது ஊசியும் தள்ளிப்போகும். ஜெஞ்சாரோம் இன்னும் தள்ளிப்போகும். நோயாளியின் உடம்பு யாருக்காகக் காத்திருக்கும்?

அந்த நேரம் பார்த்து அவர் கைபேசி அடித்தது. சனிக்கிழமை அழைப்பு. அண்ணன் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் பாக்கியம் அக்கா, தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வழக்கமான அதே வெறித்த பார்வை.

நான் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. கைபேசியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அக்கா, நான் நகராண்மைக் கழகத்துலேருந்து பேசுறேன். இங்க பாருங்க ஒங்க வீட்டுக்காரர! ஊசி போட்டாத்தான் ஒங்கள வந்து பாக்க முடியும். நாக்காலி வரைக்கும் வந்துட்டு, உங்க காலண்டருல ராகு காலம்னு திரும்பிப் போறாரு! மிஸ்ஸி காத்துக்கிட்டு நிக்கிறாங்க, ஊரே காத்துக்கிட்டு நிக்குது!"என்று சொல்லி, கைபேசியைத் திருப்பி மிஸ்ஸியை, ஊசியை, காலி நாற்காலியை, தாளும் கையுமாக நின்ற அண்ணனை, எல்லாவற்றையும் காட்டினேன்.

திரையில் அசைவில்லை. பணிப்பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது பாக்கியம் அக்காவின் இடது கை மெதுவாகப் போர்வையிலிருந்து கிளம்பியது. மேலே, மேலே வந்தது. பட்டென்று அக்கா தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

நம் வீடுகளில் அந்த அடிக்கு அர்த்தம் தெரியாதவர்கள் யார்? 'உன்னையக் கட்டிக்கிட்டேனே' என்பதில் தொடங்கி, அதற்குள் எல்லாம் இருக்கிறது. மண்டபமே பார்த்தது. பூப்போட்ட புடவை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அது புரிந்துவிட்டது போலிருக்கிறது, சிரித்தார்.

"என்னாண்ணே சொல்றாங்க அக்கா?"என்று கேட்டேன்.

"ஒக்காருங்கிறா"என்றார். உட்கார்ந்தார். காலண்டர் தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினார். "போடு மிஸ்ஸி, ரெண்டு ஊசியும் சேத்து இப்பவே போட்டுடு!"

அப்படியெல்லாம் போட முடியாது என்று என்சிக் சுல்கிப்லி மிகவும் பொறுமையாக அவருக்கு விதிமுறையை விளக்கினார்.

இரண்டாவது ஊசிக்கு நேரம் என்ன என்றுகூட அண்ணன் கேட்கவில்லை. மண்டபம் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றார். அதுவும் முடிந்து, இல்லத்தில் வரலாம் என்று சொன்ன அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரை ஜெஞ்சாரோமுக்குக் கூட்டிப்போனேன். "சியாப்பா, ஆப்பா, பிலா?"என்று கேட்டுத்தான் என்சிக் விடுப்பு கொடுத்தார். கேட்டு முடித்ததும் பலகையில் அந்தப் பெயரைத் தன் கையாலேயே அழித்தார்.

வழி நெடுகச் செம்பனை.  அண்ணன் லோரிக்காரர் அல்லவா, நான் பிரேக் போடும்போதெல்லாம் அவர் காலும் தரையை மிதித்தது.

கூடத்தில் கண்ணாடித் தாள் மறைப்பு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் பாக்கியம் அக்கா. போர்வை, வாரிய தலை, கோணிய வாய். அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தார். பார்த்தார். அக்காவும் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கலாமா வெளியே போகலாமா என்று தெரியவில்லை. இத்தனை மாதம் கழித்துப் பார்க்கிற ஒரு மனிதர் என்ன பேசுவார் என்று நினைத்தீர்கள்? மீசையைத் தடவிக்கொண்டு அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"பாக்கியம், ஊசி போட எல்லாரும் பயந்து ஓடுறானுங்க. நான் நேரா போனேன். சிங்கம் மாதிரி. வரிசையில மொத ஆளு நான்தான். ராகு காலமாவது ஒன்னாவது! வேணும்னா இந்த ஆப்பீசரம்மாகிட்டயே கேளு."

அக்காவின் கண் என் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷ அரசாங்க சேவையில் நான் பொய்ச்சாட்சி சொன்னதில்லை. என்ன செய்வது? "ஆமாக்கா, மொத ஆளு அண்ணன்தான்"என்றேன்.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. தொண்டை அசைந்தது. பக்கத்தில் நின்ற பணிப்பெண் குனிந்தாள்.

"பொய்."

தெளிவாக இல்லை. ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. பணிப்பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள். இங்கே வந்ததிலிருந்து அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பிறகு சொன்னாள்.

அண்ணன் எழுந்துவிட்டார். இரண்டு உள்ளங்கையையும் அந்தத் தாளில் வைத்து அழுத்தினார். "ஆமா! பொய்தான்! பொய்தான் பாக்கியம்! இன்னொரு தடவ சொல்லு!"

அக்கா சொல்லவில்லை. களைத்துப் போயிருந்தார். அண்ணன் விடுவாரா? கண்ணிலிருந்து நீர் மீசைக்கு இறங்க, அடுத்ததை எடுத்துவிட்டார்.

"வீட்ட தெனம் கூட்டித் தொடைக்கிறேன்."

"பொய்."

"சுருட்டு விட்டுட்டேன்."

"பொய்."

பணிப்பெண்ணும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம், எது எப்போது என்று தெரியவில்லை. நேரம் முடிந்தது என்று உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை ஒரு மாதிரி அலட்சியமாக வைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று சொன்னார்.

"நீ இல்லாம நான் நல்லாத்தான் இருக்கேன். ஒன் ஞாபகமே வரல."

பாக்கியம் அக்கா மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பொய்!"